ஸ்பின் கிளாஸ்: முதல் நாளிலிருந்து முதல் மாதம் வரை

ஸ்பின் கிளாஸில், அதாவது நகராத சைக்கிளில் குழுவாக உட்கார்ந்து பாட்டோடு மிதிக்கும் வகுப்பில், சேர நினைக்கிற நண்பர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “மத்தவங்க வேகத்துக்கு என்னால ஈடு கொடுக்க முடியுமா?” ஈடு கொடுக்க வேண்டியதே இல்லை. ஈசிஆர் சாலையில் நாலு பேரோடு சைக்கிள் விட்டால் பின்தங்கிவிடுவோம், திரும்பிப் பார்த்தால் அவர்கள் கண்ணுக்கே தெரிய மாட்டார்கள். இங்கே வண்டி நகராது. பக்கத்தில் இருப்பவர் மாரத்தான் ஓடுகிறவராக இருக்கலாம், நீங்கள் பத்து வருடமாக லிஃப்ட் தவிர எதிலும் ஏறாதவராக இருக்கலாம். இரண்டு பேரும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக இறங்குவீர்கள். வகுப்பு நடக்கும் 45 நிமிடம் எவ்வளவு கடினம் என்பதை ஒரே ஒரு நாப், அதாவது பெடலின் பாரத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ், தீர்மானிக்கிறது. அது உங்கள் வண்டியில், உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. பயிற்சி தருபவர் மைக்கில் என்ன சொன்னாலும் அதைத் திருப்புகிறவர் நீங்கள்தான். இந்தக் கட்டுரை முழுக்க நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இதைத்தான்.

சென்னையில் ஆறு வருடமாக வாரம் இரண்டு, மூன்று நாள் காலை 6 மணி பேட்சுக்குப் போகிறேன். மழை, வெயில், சாலைப் பள்ளம், நாய் துரத்தல் எதுவும் கிடையாது என்பது ஒரு காரணம். தனியாக இருந்தால் இருபதாவது நிமிடத்தில் இறங்கிவிடும் கால்கள், சுற்றிலும் இருபது பேர் மிதிக்கும்போது இறங்குவதில்லை என்பது இன்னொரு காரணம்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. தென்னாப்பிரிக்காவில் பிறந்து கலிஃபோர்னியாவில் குடியேறிய ஜானி கோல்ட்பர்க் என்ற சைக்கிள் வீரர், அமெரிக்காவைக் குறுக்காகக் கடக்கும் ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா பந்தயத்துக்குத் தயாராகும்போது, 1980களில் உருவாக்கியதுதான் இந்தப் பயிற்சி. 1990களின் நடுவில் ஷ்வின் கம்பெனி அவருடைய வண்டியைத் தயாரிக்கத் தொடங்கிய பிறகு ஊர் ஊராகப் பரவியது. ‘ஸ்பின்னிங்’ என்பது பதிவு செய்யப்பட்ட வணிகப் பெயர். அதனால்தான் சில ஜிம்களில் ‘இண்டோர் சைக்கிளிங்’ என்று போட்டிருப்பார்கள். ‘ஆர்பிஎம்’ என்று பலகை இருந்தால், அது நியூசிலாந்தின் லெஸ் மில்ஸ் நிறுவனம் வடிவமைத்த வகுப்பு. புதிதாகச் சேருபவருக்கு எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

முதலில் யார் டாக்டரிடம் கேட்க வேண்டும்

இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், சமீபத்தில் நடந்த அறுவை சிகிச்சை, கர்ப்பம். இவற்றில் ஏதாவது இருந்தால் சேருவதற்கு முன் உங்கள் மருத்துவரைப் பாருங்கள். “சைக்கிள் ஓட்டலாமா?” என்று மட்டும் கேட்காதீர்கள், சரி என்றுதான் சொல்வார். “முக்கால் மணி நேரம், மூச்சு வாங்குகிற அளவுக்கு, நடுநடுவே வேகம் கூட்டி” என்று விளக்கிக் கேளுங்கள்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்திவிடக்கூடிய மாத்திரைகளோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் வரவே வேண்டாம். பையில் குளுக்கோஸோ நாலு மிட்டாயோ இருக்கட்டும். கை நடுங்கினால், திடீரென்று குளிர்ந்து வியர்த்தால் வண்டியை நிறுத்திவிட்டு அதைச் சாப்பிடுங்கள். உங்களுக்குச் சர்க்கரை இருப்பது பயிற்சி தருபவருக்கும் தெரிய வேண்டும். இதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

ட்ரையல் கிளாஸுக்குப் போகும்போது

பெரும்பாலான இடங்களில் ஒரு ட்ரையல் கிளாஸ் தருவார்கள். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் பணம் கட்டுவதற்கு முன் அதைக் கேட்டு வாங்குங்கள். ஒரு நல்ல இடத்தை நான் அடையாளம் காண்பது ஒரே விஷயத்தால்தான்: வகுப்பு தொடங்கும் முன் பயிற்சி தருபவர் “புதுசா யாராவது வந்திருக்கீங்களா?” என்று கேட்டு, அருகில் வந்து சீட்டைச் சரி செய்கிறாரா? கேட்டால் நம்பிச் சேரலாம். விளக்கு, ஸ்பீக்கர், சுவர் முழுக்கக் கண்ணாடி எல்லாம் அதற்கு அப்புறம்.

உடை எளிமையாக இருக்கட்டும். காலோடு ஒட்டிய ட்ராக் பேண்ட் அல்லது லெகிங்ஸ், வியர்வை உறிஞ்சும் டிஷர்ட். தொளதொளப்பான பேண்ட் பெடலில் சிக்கும். துப்பட்டா, நீளமான டாப் வேண்டாம். ஷூவுக்கு அடிப்பகுதி கொஞ்சம் கெட்டியாக இருந்தால் நல்லது. மெத்மெத்தென்ற ரன்னிங் ஷூவில் பாதம் வளைந்து வளைந்து மரத்துப்போகும். முதல் நாளைக்கு எந்த ஷூவும் போதும், ஆனால் லேஸை முடிச்சுப் போட்டு ஷூவுக்குள்ளேயே செருகிவிடுங்கள். வெளியே தொங்கும் லேஸ் பெடல் தண்டில் சுற்றிக்கொள்வதை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். ஒரு கைத்துண்டும் முக்கால் லிட்டர் தண்ணீரும் கட்டாயம். ஏசி அறை என்று நம்பி வெறுங்கையோடு வராதீர்கள். எதிர்க்காற்று இல்லாததால் சாலையில் ஓட்டுவதைவிட இங்கே அதிகமாக வியர்க்கும்.

காலை வகுப்பு என்றால் அரை மணி முன்பு ஒரு வாழைப்பழம். மாலை என்றால் இரண்டு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி மாதிரி ஏதாவது. முழுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு ஏறினால் குனிந்து மிதிக்கும்போது எதுக்களிக்கும்.

இன்னொன்று, சத்தம். இந்த அறைகளில் பாட்டை மிக உரக்க வைப்பார்கள். அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் நியாஷ் அமைப்பின் கணக்குப்படி 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான். ஸ்பீக்கருக்கு எதிரே உள்ள வண்டியைத் தவிருங்கள். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் நுரை இயர் பிளக் ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். போட்டுக்கொண்டாலும் பாட்டும் கேட்கும், மைக்கும் கேட்கும்.

சீட்டைச் சரி செய்வது

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் படியுங்கள். ஸ்பின் கிளாஸை விட்டுப் போனவர்களில் பாதிப்பேருக்குமேல் சீட் சரியில்லாமல்தான் விட்டிருப்பார்கள் என்பது என் எண்ணம். கடினமாக இருந்ததால் விட்டோம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

என்னுடைய முதல் வகுப்பில் யாரும் வந்து பார்க்கவில்லை. ஏற எளிதாக இருக்கட்டும் என்று சீட்டைத் தாழ்வாக வைத்து மிதித்தேன். அடுத்த ஐந்து நாள் மாடிப்படி இறங்கும்போது முட்டிச் சிப்பிக்குக் கீழே சுருக்கென்று குத்தியது. இரண்டாம் வகுப்பில் பக்கத்து வண்டியில் ஒரு பெரியம்மா, அறுபது வயது இருக்கும். என் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்.

“கொஞ்சம் இறங்கும்மா. சீட்டு ரொம்பக் கீழ இருக்கு.”

“பரவாயில்லைங்க ஆன்ட்டி, பழகிடும்.”

“முட்டி பழகாதும்மா. இறங்கு.”

இறங்கினேன். என்னை வண்டியை ஒட்டி நேராக நிற்கச் சொல்லி, இடுப்பெலும்பின் மேட்டைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சீட்டை அந்த உயரத்துக்குத் தூக்கி, திருகை இறுக்கினார். அன்று அவர் காட்டியதைத்தான் இன்றும் புதியவர்களுக்குக் காட்டுகிறேன்.

உயரம்: வண்டிக்குப் பக்கத்தில் நின்றால் சீட்டின் மேல்பகுதி இடுப்பெலும்பு மட்டத்தில் இருக்க வேண்டும். இது தொடக்கம்தான். ஏறி உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து, பெடலை அடியில் கொண்டுவாருங்கள். கால் முழுக்க நீள வேண்டும், ஆனால் இடுப்பு ஒரு பக்கம் சாயக்கூடாது. பிறகு பாதத்தின் முன்பகுதியை, அதாவது கட்டைவிரலுக்குப் பின்னால் உள்ள அகலமான மேட்டை, பெடலின் நடுவில் வைத்தால் முட்டியில் லேசான மடிப்பு மிஞ்சும். அந்த மடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அது அதிகமானால் முட்டியின் முன்பக்கம் வலிக்கும். மடிப்பே இல்லாமல் எட்டி எட்டி மிதித்தால் முட்டியின் பின்பக்கமும் இடுப்பும் வலிக்கும். ஆக, வலிக்கிற இடத்தை வைத்தே சீட்டை ஏற்றுவதா இறக்குவதா என்று சொல்லிவிடலாம்.

முன் பின்: இரண்டு பெடலையும் தரைக்கு இணையாக நிறுத்துங்கள். முன்னால் இருக்கும் காலின் முட்டிச் சிப்பிக்கு நேர் கீழே பெடலின் அச்சு வர வேண்டும். முட்டி அதைத் தாண்டி முன்னே போனால் சீட்டைப் பின்னால் தள்ளுங்கள்.

ஹேண்டில்பார்: புதியவர்களுக்குச் சீட் மட்டத்திலோ அதைவிடக் கொஞ்சம் உயரமாகவோ இருக்கட்டும். முதுகுவலி உள்ளவர்களும் வயிறு இடிக்கிறவர்களும் இன்னும் உயர்த்தலாம். குனிந்து ஓட்டினால்தான் அழகு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தோளைத் தளர விட்டு, முழங்கையை லேசாக மடித்து, பியானோ கட்டையில் கை வைப்பதுபோல் மெதுவாகப் பிடியுங்கள். உள்ளங்கை மரத்தால் உடம்பின் பாரத்தைக் கையில் போடுகிறீர்கள் என்று பொருள்.

கடைசியில் ஒவ்வொரு திருகும் இறுகியிருக்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள். பிறகு சீட் கம்பியிலும் ஹேண்டில் கம்பியிலும் உள்ள எண்களை ஃபோனில் எழுதிக்கொள்ளுங்கள். ‘சீட் 7, முன்பின் 4, ஹேண்டில் 9’ என்று என் ஃபோனில் இருக்கிறது. அடுத்த வகுப்பில் ஒரு நிமிடத்தில் வேலை முடியும். வேறு கம்பெனி வண்டி என்றால் எண்ணும் மாறும், மறுபடி அளந்தாக வேண்டும்.

நாப்பும் கனத்த சக்கரமும்

வண்டியின் முன்னால் ஒரு கனத்த இரும்புச் சக்கரம் இருக்கும், ஃப்ளைவீல் என்பார்கள். சாதாரண சைக்கிளில் காலை நிறுத்தினால் வண்டி பாட்டுக்கு உருளும், கால் சும்மா இருக்கும். பல ஸ்பின் வண்டிகளில் அப்படி இல்லை. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், காலையும் இழுத்துக்கொண்டே சுற்றும். அதனால் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது காலை வெடுக்கென்று எடுக்கவோ குதித்து இறங்கவோ கூடாது. நாப்பைக் கீழே அழுத்தினால் சக்கரம் நிற்கும், அதுதான் பிரேக். சில வண்டிகளில் பிரேக்குக்குத் தனி நெம்புகோல் இருக்கும். ஏறியதும் முதல் வேலையாக இரண்டு சுற்று மிதித்து, அழுத்தி, நிறுத்திப் பாருங்கள். கைக்கு அந்த இடம் பழகட்டும்.

நாப்பை வலப்பக்கம் திருப்பினால் பாரம் கூடும், இடப்பக்கம் திருப்பினால் குறையும். பழைய வண்டிகளில் ஒரு பட்டை சக்கரத்தை உரசிப் பாரம் தரும். புதியவற்றில் காந்தம். உரசுகிற பட்டை தேயத் தேய ஒரே திருப்பில் கிடைக்கும் பாரம் வண்டிக்கு வண்டி வேறுபடும். “எல்லாரும் ரெண்டு திருப்பு கூட்டுங்க” என்று மைக்கில் சொன்னால் பக்கத்து வண்டியைப் பார்க்காதீர்கள். உங்கள் தொடையைக் கேளுங்கள்.

ஒருபோதும் பாரமே இல்லாமல் மிதிக்காதீர்கள். இது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. எளிதாக இருக்கட்டும் என்று முழுக்கத் தளர்த்தினால் கால் கட்டுப்பாடில்லாமல் சுழன்று, இடுப்பு சீட்டில் தத்தித் தத்திக் குதிக்கும், முட்டிக்கும் கேடு. பாதத்துக்கு அடியில் ஈரமண்ணை மிதிப்பதுபோல் ஏதோ ஒன்று தட்டுப்பட வேண்டும். அந்த அளவு எப்போதும் இருக்கட்டும்.

வேகத்தை ஆர்பிஎம் என்று சொல்வார்கள், ஒரு நிமிடத்தில் கால் எத்தனை சுற்று என்ற கணக்கு. பாரம் குறைவாக வைத்து மிதிப்பதைச் சமவெளி என்பார்கள், பாரம் கூட்டி மிதிப்பதை மேடு என்பார்கள். சமவெளி என்றால் 80 முதல் 110, மேடு என்றால் 60 முதல் 80. திரை இல்லாத வண்டியில் வலது முட்டி மேலே வருவதை 15 விநாடிக்கு எண்ணி நாலால் பெருக்குங்கள். 20 வந்தால் 80. முதல் மாதம் 100ஐத் தாண்டவே வேண்டாம். மேட்டில் 60க்குக் கீழே போனால் பாரம் அதிகம், குறையுங்கள்.

வகுப்பு ஓடும்போது

முதல் ஐந்து, பத்து நிமிடம் வார்ம் அப். அதற்குத் தாமதமாக வந்து நேராக நடுவில் குதிக்காதீர்கள். பிறகு மேடு, சமவெளி, வேகம் என்று மாறி மாறி வரும். கடைசி ஐந்து நிமிடம் கூல் டவுன், அப்புறம் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் இழுவைப் பயிற்சி.

எவ்வளவு முயற்சி என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல அளவுகோல் பேச்சுதான். ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் மிதமான உழைப்பு. இரண்டு மூன்று சொல்லோடு மூச்சு வாங்கினால் கடுமையானது. ஒரு சொல்லும் வரவில்லை என்றால் எல்லைக்கு வந்துவிட்டீர்கள். முதல் நான்கு வகுப்புகளில் பெரும்பகுதி நேரம் வாக்கியம் பேசும் நிலையிலேயே இருங்கள். கையில் வாட்ச் கட்டியிருந்தால், 220இலிருந்து வயதைக் கழித்தால் அதிகபட்ச இதயத்துடிப்பு தோராயமாகக் கிடைக்கும். ஆளுக்கு ஆள் இது நிறைய மாறும். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

எழுந்து நின்று மிதிக்கச் சொல்வார்கள். முதல் வகுப்பில் உட்கார்ந்தே இருக்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நிற்பதாக இருந்தால் முதலில் பாரத்தைக் கூட்டுங்கள், பிறகு எழுங்கள். இந்த வரிசை மாறினால் பெடல் காலுக்கடியில் நழுவும். ‘தபாட்டா’ என்று அறிவித்தால் 20 விநாடி முழு வேகம், 10 விநாடி ஓய்வு, எட்டு முறை. ஜப்பானில் இஸுமி தபாட்டாவின் குழு 1996இல் வெளியிட்ட ஆய்வில் வந்த முறை இது. அதைச் செய்தவர்கள் உடற்கல்வி படித்த இளைஞர்கள், செய்ததும் நிற்கும் சைக்கிளில்தான். நீங்கள் அதே 20 விநாடியைப் பாதி வேகத்தில் செய்யுங்கள்.

ஹேண்டில்பாரில் தண்டால், மிதித்துக்கொண்டே டம்பல் தூக்குவது, பின்னோக்கி மிதிப்பது எல்லாம் சில வகுப்புகளில் உண்டு. நான் செய்வதில்லை, புதியவர்களையும் வேண்டாம் என்றே சொல்வேன். ஓடும் சக்கரத்தின் மேல் சமநிலையைக் கெடுத்துக்கொண்டு கிடைக்கும் லாபம் மிகக் குறைவு. டம்பலைத் தரையில் நின்று தூக்கினால் பலன் அதிகம்.

தலை சுற்றினாலோ நெஞ்சு அடைத்தாலோ நாப்பை அழுத்தி நிறுத்தி, இறங்கி, அறைக்கு வெளியே உட்காருங்கள். நெஞ்சுவலி என்றால் உடனே சத்தமாக உதவி கேளுங்கள்.

வகுப்புக்கு அப்புறம்: இதை மட்டும் மறக்க வேண்டாம்

மறுநாள் தொடை வலிக்கும், உட்காரும் இடமும் வலிக்கும். இரண்டும் இயல்பு. சீட் வலி மூன்று நாலு வகுப்பில் குறைந்துவிடும். குறையாவிட்டால் பஞ்சு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் வாங்குங்கள். அதற்குள் உள்ளாடை போடக்கூடாது, தையல் உரசிப் புண்ணாகும்.

இயல்பல்லாத வலி ஒன்று உண்டு. பழக்கமில்லாத தொடைத் தசையை முதல் நாளே மிதமிஞ்சி வேலை வாங்கினால் தசை நார்கள் உடைந்து, அவற்றில் உள்ள புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். ராப்டோமயோலிசிஸ் என்று பெயர். அரிதுதான், ஆனால் முதல் ஸ்பின் கிளாஸுக்குப் பிறகு இப்படி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களைப் பற்றி 2017இல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் தொடை வீங்கி, காலை மடக்க முடியாத அளவுக்கு வலித்து, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் காத்திருக்காதீர்கள். நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், ஸ்பின் கிளாஸ் போனதைச் சொல்லுங்கள். ரத்தத்தில் சிகே என்ற தசை நொதியின் அளவு பார்ப்பார்கள், டிரிப்ஸ் ஏற்றுவார்கள். வலி மாத்திரையை நீங்களாகப் போட்டுக்கொண்டு படுக்க வேண்டாம், சில வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு இன்னும் சுமை. ஓட்டப்பயிற்சி செய்து நல்ல உடல்வாகோடு இருப்பவருக்கும் இது வரலாம், ஏனென்றால் அவர்களுக்கு விடாமல் மிதிக்கிற மனத்தெம்பு இருக்கிறது, அந்தத் தசைக்கு மட்டும் பழக்கம் இல்லை. என் தம்பி அவனுடைய முதல் வகுப்புக்கு வந்தபோது இருபத்தைந்தாவது நிமிடத்தில் நானே அவனை இறக்கிவிட்டேன். கோபப்பட்டான். இறக்கியது சரி என்றுதான் இன்றும் சொல்வேன்.

முதல் மாதம்

முதல் வாரம் ஒரு வகுப்பு, பாதி நேரம் போதும். அடுத்த வாரம் இரண்டு, நடுவில் இரண்டு நாள் இடைவெளி. மூன்றாவது வாரத்திலிருந்து முழு 45 நிமிடம் இருங்கள், ஆனால் நாப்பைக் கூட்ட அவசரப்படாதீர்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு. இரண்டு வகுப்பும் மற்ற நாளில் நடையும் இருந்தால் எட்டிவிடலாம். அதே நிறுவனம் வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சியும் சொல்கிறது. சைக்கிள் எலும்புக்குப் பாரம் தராது, ஆகவே நாற்பதைத் தாண்டிய பெண்கள் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

திரையில் வரும் கலோரி எண்ணை நம்பி இரவு உணவைத் தீர்மானிக்காதீர்கள். உங்கள் எடையையே கேட்காத வண்டிக்கு அது எப்படித் தெரியும்? அதைவிட ஒரு சின்ன நோட்டில் தேதி, மிதிக்கும் சக்தியை வண்டி வாட்ஸ் கணக்கில் காட்டினால் அந்த எண், வகுப்பு முடிந்து மூச்சு நிதானமாக எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதுங்கள். எனக்கு முதல் வாரம் ஒன்பது நிமிடம் ஆனது, ஆறாவது வாரம் நாலு.

பத்து வகுப்பு முடிந்தும் பிடித்திருந்தால் கிளீட் வைத்த ஷூ வாங்கலாம். கிளீட் என்பது ஷூவைப் பெடலோடு பூட்ட அடிப்பகுதியில் பொருத்தும் துண்டு. முதலில் உங்கள் ஜிம் பெடலைப் பாருங்கள். பெரும்பாலும் ஷிமானோவின் எஸ்பிடி வகை இருக்கும், அதற்கு இரண்டு ஆணி கிளீட். மூன்று ஆணி கிளீட் அதில் மாட்டாது. புது ஷூவோடு நேராக வகுப்பில் ஏறாதீர்கள், கால் மணி முன்பே போங்கள். ஹேண்டிலைப் பிடித்து உட்கார்ந்து, நாப்பை இறுக்கி வைத்து, முன்பாதத்தை அழுத்தினால் ‘டக்’ என்று மாட்டும். கழற்றக் குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும், மேலே இழுத்தால் வராது. ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை மாட்டிக் கழற்றிப் பாருங்கள்.